வடிகால் நண்டுகள்

வயலுக்குச் சொந்தக்காரர் மடைக்கு அப்பால் நிற்க வேண்டும். சோதனை முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் விதிகளில் இது நான்காவது. இதை எழுதியவன் நான். மற்ற பதினொன்றையும் எழுதியவன் நானே என்பதைச் சபைகளில் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் அந்தச் சந்தை கூடுகிறது. சிற்றாற்றுத் தண்ணீரில் மருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் பயிர் செய்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்துவது. தரகர் கிடையாது, விளைவித்தவரே கடை விரிக்க வேண்டும். சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்கு வரும் வெளியூர்க் கார்களில் பாதி எங்கள் திடலோரம் நின்றுதான் போகும். எங்களில் பலருக்கு அந்த எட்டு வாரங்களே ஆண்டு முழுவதையும் தாங்குகிற வாரங்கள்.

அரசாங்க முத்திரை எதுவும் எங்களிடம் இல்லை. ஒருவர் வயலுக்கு மற்றொருவர் சாட்சி. ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது கார், பிசானம் என்று இரண்டு போகம். ஒவ்வொரு பூவிலும் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் போய் வயலைச் சோதிப்பார்கள். காகிதம் எதையும் கேட்பதில்லை. வயல் தண்ணீர் வெளியேறும் வடிகாலில் இறங்கிச் சேற்றுக்குள் கையை விடுவார்கள். வரப்பில் நண்டு வளை இருக்கிறதா, வளைக்குள் நண்டு இருக்கிறதா, அயிரை மீன் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மருந்து கலந்த தண்ணீரில் இவை தங்குவதில்லை. நான் விலங்கியல் படித்தவன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் அதையே கற்பித்தவன். நண்டைச் சாட்சியாக வைக்கலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான். எனவே சோதனைக் குழுவுக்கு என்னைத் தலைவராக வைத்தார்கள். அந்தப் பதவியில் இருந்துகொண்டு நான் செய்த காரியத்தைப் பிறர் தங்கள் விருப்பப்படி எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது.

என் நிலம் ஒரே வாய்க்காலின் கரையில் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. மேலே காய்கறி வயல். அதற்குக் கீழே தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டியதும் வாய்க்கால் வேறொரு பெண்மணியின் வயலுக்குள் நுழைகிறது. அவர் கணவர் ராணுவத்தில் வடக்கே இருந்தார். இரண்டு ஏக்கரில் நெல்லும் வெண்டையும் கீரையும் அவர் ஒருவராகவே பார்த்துவந்தார். சந்தையில் என் கடைக்கு எதிர்க் கடை அவருடையது.

அந்த ஆண்டு ஆனியில் என் தோப்பில் காண்டாமிருக வண்டு இறங்கியது. வண்டு துளைத்த மரத்தில் நடுக்குருத்து சாயும். குருத்து போனால் மரம் போனதுதான். வேப்பம்புண்ணாக்கை மணலோடு கலந்து மட்டை இடுக்குகளில் வைத்தேன். கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுக்கச் செய்தேன். அப்படியும் வாய்க்கால் கரையில் ஒன்பது மரங்கள் போயின. பத்தாவது மரம் சாய்ந்த அன்று, தென்காசிக் கடைத்தெருவில் என் முகம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், புளியங்குடிக்குப் பேருந்து ஏறினேன். அங்கே ஒரு கடையில் குருணை மருந்து வாங்கி, துணிப்பையில் வைத்து, எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து திரும்பினேன். அந்தத் துணிப்பையில் எங்கள் சந்தையின் பெயர் அச்சிட்டிருந்தது. அச்சு உள்ளே போகும்படி பையைப் புரட்டித்தான் மடியில் வைத்திருந்தேன்.

எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். விதியில் “சந்தைக்கு வரும் பயிர்” என்றுதான் இருக்கிறது. என் தேங்காய் சந்தைக்கு வருவதில்லை. விதியை எழுதியவனுக்கு அதன் ஓட்டை எங்கே என்று தெரியாதா?

வியாழக்கிழமை விடிந்ததும், எங்கள் பகுதியில் பாதித் தோப்புகளுக்குத் தென்னை ஏறுகிறவரை வரவழைத்தேன். குருணையை மணலோடு ஒரு வாளியில் கலந்து, இருபது மரங்களின் உச்சியில் வைத்துவிட்டு இறங்கினார்.

“அய்யா, மிச்சம் கொஞ்சம் கெடக்கு. வாளியும் நாறுது. வீட்டுக் கெணத்தடியில போயி கழுவிருதேன்.”

“வீட்டுக்கு வேண்டாம். இங்கனயே கழுவிரு.”

“வாய்க்கால்லயா?” அவர் கையில் வாளியோடு நின்றார். “கீழ அந்தக்கா வயலுல்லா இருக்கு?”

“ஓடுற தண்ணிதான? கழுவிட்டுக் கெளம்பு.”

என் வீட்டுக் கிணற்றடியில் அந்த வாடை எழுந்தால் பக்கத்து வீடுகளுக்குத் தெரிந்துவிடும். என் கவலை அவ்வளவுதான். கீழே இருக்கும் வயலைப் பற்றி அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை.

மறுநாள் காலை என் மனைவி, முந்தின நாள் நான் உடுத்தியிருந்த வேட்டியைக் கொடியில் விரித்துக்கொண்டே, “இதைத் தனியாத் துவைச்சேன்” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எதனால் அந்த வாடை என்று அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அந்தப் பெண்மணியின் வயலில் சோதனை. சென்ற மாதமே குறித்த நாள். மாற்றினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். என்னோடு வந்தவர் காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று வாழை போடுகிறவர். சந்தையில் எல்லோருக்கும் அவர் ஏட்டையா. சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. அவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கினார்.

“ஏ நண்டுகளா, வெளிய வாங்கடே. ஸ்டேஷன்ல இருந்து வந்துருக்கோம்.”

மடைக்கு அப்பால் நின்ற பெண்மணி சிரித்தார். “மெதுவாக் கூப்பிடுங்க ஏட்டையா. பயந்துபோயி அதுக ஊரை விட்டே போயிரப் போகுது.”

“விதி நாலு” என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஏட்டையா சேற்றுக்குள் விட்ட கையை எடுத்தார். மறுபடி விட்டார். பிறகு வடிகால் கரையில் ஒதுங்கியிருந்த சருகை விலக்கிப் பார்த்தார். அவருடைய வேடிக்கைப் பேச்சு நின்றது.

“அண்ணாச்சி, இங்கன வாங்க.”

சருகுக்கு அடியில் நண்டுகள் வயிறு மேலாகக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். அயிரைகள் வெளுத்துப் புல்வேரில் சிக்கியிருந்தன. குனிந்தபோது ஒரு வாடை வந்தது. பூண்டு அழுகினால் வருவது போன்ற வாடை. அதை நான் அந்த வாரத்தில் இரண்டாம் முறையாக முகர்ந்தேன்.

“என்னத்தைப் பாத்துட்டு இப்படி நிக்கீக?” என்று கேட்டபடியே அந்தப் பெண்மணி மடையைத் தாண்டி ஓடிவந்தார். பார்த்தார். “ஐயோ, புதன்கிழமை மடை திறக்க வரும்போது ஓடிக்கிட்டுத் திரிஞ்சுதே! ரெண்டு நாளா நெல் வயல்ல நடவுன்னு இந்தப் பக்கமே வரல. ஏட்டையா, எங்க வீட்டுல வந்து பாருங்க. மூலை முடுக்கெல்லாம் பாருங்க. மருந்து டப்பா ஒண்ணு இருந்தா என் நாக்கை அறுத்துப் போடுங்க.”

ஏட்டையா என்னைப் பார்த்தார். “தண்ணி மேல இருந்துல்லா வருது அண்ணாச்சி. ஒரு எட்டு மேல நடந்து பாத்துட்டு வந்துருவமா?”

நூறு அடி நடந்தால் என் தோப்பு.

“விதியில அது இல்ல ஏட்டையா. வடிகாலைப் பாக்கணும்னு இருக்கு. பாத்தாச்சு” என்றேன்.

படிவத்தை மழைபடாமல் சட்டைக்குள் வைத்திருந்தேன். எடுத்து, ஏட்டையாவின் முதுகில் வைத்து எழுதினேன்: சாட்சி உயிர்கள் இல்லை, கடை நிறுத்தப்படுகிறது. கையெழுத்து எப்போதும் போலத் தெளிவாகவே விழுந்தது. பிற்பகலில் அதைச் சந்தையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. ஒருவர், “இவளுமா?” என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்க் கடை காலியாக இருந்தது. வெளியூரிலிருந்து வாரந்தோறும் வரும் ஒருவர், “அந்த வெண்டைக்காய் அம்மா வரலையா?” என்று என்னிடம்தான் கேட்டார். “இந்த வாரம் இல்லை” என்றேன். வெண்டைக்குப் பதில் என் கடையில் அவர் கத்தரிக்காய் எடுத்தார்; நான் பையை விரித்துப் பிடித்தேன்.

திங்கட்கிழமை முற்பகலில் அந்தப் பெண்மணி என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தேக்கிலைப் பொட்டலம்.

“உள்ள வாம்மா” என்றேன்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. சேத்துக்காலோட வந்துருக்கேன்.” பொட்டலத்தைச் சுற்றுச்சுவரின் மேல் வைத்துப் பிரித்தார். செத்த நண்டுகள். “உங்க தோப்புக்கு மேல, உங்க கத்தரி வயல் வரைக்கும் நடந்து பாத்தேன். ஒரு நண்டு சாவல. தோப்புக்குக் கீழ பூராவும் இப்படித்தான் கெடக்கு.”

“நீ என்ன சொல்ல வாரே?”

“நான் ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு வெள்ளனயே வெண்டைக்காயை மூட்டை கட்டிப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு பஸ்ஸுல கொண்டு போனேன். அங்கன குவியல்ல கொட்டுன ஒடனே, என் காய் எது, மருந்தடிச்ச காய் எதுன்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. அவுக போன் பண்ணாக. யாரோ அந்த வாட்ஸ்அப்பை அனுப்பியிருக்காக. ‘மருந்தா அடிச்சே?’ன்னு கேக்காக. கட்டுனவரே கேக்காரு.”

“புகார் இருந்தா எழுதிக் கொடும்மா. குழு பரிசீலிக்கும்.”

அவர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். “எழுதியா தரணும்? நீங்க படிச்சவுக. ஒருதரம் நடந்து பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்.”

பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் நடந்து பார்த்தேன். யாரும் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுத்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். வாளியைக் கழுவிய கல்லுக்கு மேலே, இரண்டு முழத் தூரத்தில், ஒரு நண்டு தன் வளை வாசலில் உட்கார்ந்து மண்ணை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. கல்லுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இவ்வளவு சுத்தமான முடிவு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கும் கிடைத்ததில்லை.

அங்கிருந்து நேராகத் தென்னை ஏறுகிறவரின் வீட்டுக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்பதை மறைப்பதற்கில்லை: அவர் வாயை அடைக்கத்தான். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. என்னைக் கண்டதும் அவர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

“அந்தக்கா என்கிட்டயும் வந்து கேட்டுது அய்யா. நான் மூச்சு விடல. கூட்டத்துல கேட்டாகன்னா, நாந்தான் தெரியாமக் கழுவிட்டேன்னு சொல்லிருதேன். எனக்கென்ன, பேரா கெட்டுப் போகப் போகுது?”

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “மழை வரும் போல இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மழை அப்போதே பெய்துகொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் கைப்பேசி ஒலித்தபோதெல்லாம் ஏட்டையாவாக இருக்குமோ என்று பெயரைப் பார்த்துவிட்டே எடுத்தேன். வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை கடை தொறக்கதுக்கு முந்தி ஒரு கூட்டம் போட்டுருவோம் அண்ணாச்சி. அந்தப் புள்ள கேக்குது. கேக்கதுல தப்பில்லல்லா?” என்றார். அவருடைய குரலில் பழைய காவல் நிலையம் லேசாக எட்டிப்பார்த்தது.

ஞாயிறு காலை திடலில் எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் கூடினோம். தீர்மானப் புத்தகம் வழக்கம்போல என் மடியில். அந்தப் பெண்மணி பேசுவதற்கு முன்பே தென்னை ஏறுகிறவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

“ஒரு தோப்புல வண்டுக்குக் குருணை வச்சேன். மிச்சத்தை வாய்க்கால்ல கழுவிட்டேன். தெரியாமச் செஞ்சது. அந்தக்கா மேல தப்பில்ல.”

மழைச் சத்தத்துக்கு மேல் நாலா பக்கமும் ஏச்சு கிளம்பியது.

“ஏலே, ஒனக்குக் கண்ணு பொடதியிலயாலே இருக்கு?”

“மேல ஏறி ஏறி மூளை காத்துல பறந்து போச்சுடே இவனுக்கு!”

“இனிமே நம்ம ஆளுக தோப்புல ஒருத்தரும் இவனை ஏத்தப்படாது. எழுதிக்கிடுங்க அண்ணாச்சி, தீர்மானம்.”

எங்கள் நாற்பது பேரில் இருபது பேரின் தோப்புகளில் ஏறுகிறவர் அவர். அவருடைய பிழைப்பு மொத்தமும் அந்த இருபது தோப்புகளில்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பேனா புத்தகத்தின் மேல் இருந்தது. தேதியை எழுதிவிட்டிருந்தேன்; “இன்று கூடிய கூட்டத்தில்” என்று தொடங்கியும் விட்டிருந்தேன்.

அந்தப் பெண்மணியின் குரல் கேட்டது. “யாரு தோப்புலன்னு சொல்லலியே நீ. மருந்தை யாரு வாங்கித் தந்தா?”

தென்னை ஏறுகிறவர் குனிந்தபடியே இருந்தார், என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்கு அவர்மேல் கோபமாவது வந்திருக்கும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நான் அந்தத் தீர்மானத்தை எழுதி முடித்திருப்பேன்.

புத்தகத்தை மூடினேன். எழுந்தேன்.

“என் தோப்பு. மருந்தை வாங்கிக் கொடுத்தது நான். வீட்டுல கழுவுதேன்னு சொன்னவரை வாய்க்கால்ல கழுவச் சொன்னதும் நான்.”

“ஒக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் ஏட்டையா, மெதுவாக. நான் உட்காரவில்லை.

நல்ல மனத்தோடு ஒருவர் எனக்கு உதவ வந்தார். “தேங்கா சந்தைக்கு வரலல்லா? விதியில சந்தைக்கு வார பயிருன்னுதான இருக்கு. அப்படிப் பாத்தா அண்ணாச்சி பேர்ல தப்பே…” நான் எனக்குள் சொல்லிக்கொண்ட நியாயத்தை இன்னொருவர் வாயில் கேட்டபோது அதன் அசிங்கம் தெரிந்தது. ஏட்டையா கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

அந்தப் பெண்மணி முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை.

“விதியை விடுங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு வடிகாலுக்குள்ள இறங்கி நின்னீகளே, அப்பவே தெரியுமா?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. தெரியாது என்று சொல்லலாம்; அங்கே இருந்த பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். மரத்துக்கு மருந்து வைத்ததை மன்னிப்பார்கள், வாளி கழுவியதை வயோதிகனின் கவனக்குறைவு என்பார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மன்னிக்க வழி இல்லை. எழுபத்திரண்டு வயது வரை சேர்த்து வைத்திருந்த பெயர் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

“வாடை அடிச்சப்பவே தெரியும்” என்றேன்.

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அவர் மட்டும், “என் வீட்டுக்காரருக்கு இதை நீங்க உங்க வாயால சொல்லணும்” என்று கைப்பேசியை எடுத்து, எண்ணைத் தட்டி, என்னிடம் நீட்டினார். வடக்கே எங்கோ மணி அடித்தது. நாற்பது பேர் முன்னிலையில், முன்பின் பேசியறியாத ஓர் இளைய மனிதரிடம், அவருடைய மனைவி மருந்து அடிக்கவில்லை, அடித்தவன் நான் என்று சொன்னேன். எதிர்முனையில், “யாரு பேசுதது?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் என் பெயரைச் சொன்னேன்.

தீர்மானத்தை ஏட்டையா எழுதினார். அந்தப் பெண்மணிக்குக் கடை அன்றே திரும்பக் கிடைத்தது. ஆனால் விற்க அவரிடம் ஒன்றும் இல்லை. பறித்ததையெல்லாம் பாவூர்சத்திரத்துக்கு அனுப்பியிருந்தார். சீசன் உச்சத்தில் இருந்த அந்த ஞாயிறும் அவருடைய இடம் காலியாகவே கிடந்தது. தென்னை ஏறுகிறவர்மேல் தீர்மானம் எதுவும் இல்லை. என் கடை மூன்று பூவுக்கு மூடப்பட்டது. தலைமைப் பொறுப்பை அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் விட்டேன். அதில் ஒரு சிறு மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டதாக அன்று நினைத்தேன். பதின்மூன்றாவது விதி ஒன்று சேர்ந்தது: வாய்க்கால் கரையில் நிற்கும் மரங்களும் சோதனைக்கு உட்பட்டவை, தண்ணீர் வரும் வழியையும் நடந்து பார்க்க வேண்டும். அதன் வாசகம் சரியில்லை; ஒரே வாக்கியத்தில் இரண்டு விதி. திருத்தித் தர என்னை யாரும் கேட்கவில்லை.

இருபது மரங்களின் உச்சியில் வைத்த குருணையைத் தென்னை ஏறுகிறவர் மட்டை இடுக்குகளிலிருந்து வழித்து எடுத்துத் தந்தார். மேலும் ஆறு மரங்கள் போயின. கரை இப்போது வெட்டவெளியாக இருக்கிறது.

மூன்று பூ முடிந்து, சென்ற மாதம் என் நிலத்துக்குச் சோதனை வந்தது. வந்தவர்கள் ஏட்டையாவும் அந்தப் பெண்மணியும். தோப்பின் அடியில் வாய்க்கால் வெளியேறும் இடத்தில் நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன். கரையில் வழுக்குகிறதே என்று கை கொடுக்கப் போனேன்.

“அண்ணாச்சி, மடைக்கு அந்தப் பக்கம்” என்றார் அவர்.

தள்ளிப் போய் நின்றேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, முழங்கை வரை சேற்றுக்குள் கையை விட்டார். ஒரு வளையைத் துழாவினார். வெறும் கை வந்தது. அடுத்ததிலும் அப்படியே. நான்கு வளைகளுக்குப் பிறகு, ஐந்தாவதில், அவர் கை அசையாமல் நின்றது. வெளியே எடுத்தபோது உள்ளங்கையில், புளியங்கொட்டை அளவில், ஒரு நண்டுக் குஞ்சு இருந்தது.

“சாட்சி ஆஜர்” என்றார் ஏட்டையா.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. குஞ்சை அதே வளை வாசலில் விட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

“ஒண்ணு பத்தாது. அடுத்த பூவுக்கு வந்து பாப்போம்.”

படிவத்தில் அவர் எழுதியதைப் படிக்கும் தூரத்தில் நான் இல்லை. ஒரு நண்டு போதும் என்றுதான் நான் எழுதிய பழைய விதியில் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் கரையேறிக் கண்ணுக்கு மறையும்வரை நான் மடைக்கு அப்பாலேயே நின்றேன்.